கடலோரக் கோட்டைக்கு ஒரு சனி ஞாயிறு: சதுரங்கப்பட்டினமா, தரங்கம்பாடியா, வட்டக்கோட்டையா?

நண்பர்கள் கூட்டமாகக் கோட்டை பார்க்கக் கிளம்பினால் முதல் சண்டை எந்தக் கோட்டை என்பதில்தான் வரும். ஒருவன் போனில் படங்களை நீட்டுவான், இன்னொருவன் கிலோமீட்டர் கணக்கு சொல்லுவான், மூன்றாமவன் "எங்க போனாலும் எனக்கு ஓகே" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பான். ஆனால் கோட்டையைப் பார்த்து முடித்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று அந்தப் பேச்சில் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் மிஞ்சியிருக்கும் எந்தக் கோட்டையையும், ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தால்கூட, இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றி முடித்துவிடலாம். செஞ்சி மாதிரி நாள் முழுக்க ஏறி இறங்கும் மலைக்கோட்டைகள் இல்லை இவை. வணிகக் கம்பெனிகள் துணி மூட்டையையும் மிளகையும் காவல் காக்கக் கட்டியவைதான் பெரும்பாலானவை. ஆகவே சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு இரவு வரை உள்ள நேரத்தில் கோட்டைக்குப் போவது கொஞ்சம்தான். மிச்ச நேரத்தை அந்த ஊர் தாங்குமா, தாங்காதா? கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் சிலவற்றைக் கழித்துவிடலாம். சென்னைக் கோட்டை, அதாவது 1640-ல் கட்டத் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டை, அருமையான இடம். அருங்காட்சியகமும் 1680-ல் திறந்த புனித மேரி தேவாலயமும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஆனால் தலைமைச் செயலகம் இயங்கும் வளாகம் என்பதால் வாசலில் சோதனை உண்டு, உள்ளே கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு திரிய முடியாது. அது அரை நாள் வேலை, பயணம் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு வரலாறு ஏராளம். 1690-ல் ஆங்கிலேயர் அதை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். ஆனால் 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைத் தரைமட்டமாக்கிவிட்டார். இன்று போனால், கதை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால்தான் உண்டு. புதுச்சேரி போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம், அதற்கென்றே கிளம்ப வேண்டாம்.

பழவேற்காடு கொஞ்சம் இழுக்கும். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று முள்ளும் புதரும் மூடிய மேடு. ஆனால் அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பதை வேறு எங்கும் பார்க்க முடியாது. குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் வரும். சென்னையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். இரவு தங்க நினைக்காதீர்கள்.

இவை போக மிஞ்சுவது மூன்று வழிகள்: ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும், இல்லை தரங்கம்பாடியில் தங்கல், இல்லை குமரி மாவட்டத்து வட்டக்கோட்டை.

ஈசிஆர் வழி

சென்னைக் கூட்டத்துக்கு இதுதான் சுலபம். சதுரங்கப்பட்டினம் சுமார் 70 கிலோமீட்டர், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில். ஆலம்பரை 100 கிலோமீட்டரைத் தாண்டி, கடப்பாக்கத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும் சாலையில். பைக்கில் போகலாம், காரில் போகலாம், புதுச்சேரி பஸ்ஸில் ஏறி இறங்கியும் போகலாம்.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் மஸ்லின் துணிக்காக வந்து உட்கார்ந்தார்கள். இன்று கோட்டைச் சுவருக்குள் நீளமான தானியக் கிடங்குகளும் வளைவுகளும் மிஞ்சியிருக்கின்றன. யானை மீது ஏற வசதியாகக் கட்டியது என்று ஒரு சாய்தளத்தைக் காட்டுவார்கள். ஆனால் இந்தக் கோட்டையின் உயிர் அதன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. தனிச் சுவர், தனிக் கதவு, பெரும்பாலும் பூட்டு. காவலாளியிடம் மரியாதையாகக் கேட்டால் திறந்துவிடுவார். உள்ளே 17, 18-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் பலகைகள் படுத்துக் கிடக்கும். குனிந்து பாருங்கள்: குடும்பச் சின்னம், அதைச் சுற்றி இலைக்கொடி, அதற்குக் கீழே டச்சு மொழியில் பெயரும் தேதியும். முந்நூறு வருடம் வெயிலில் கிடந்தும் எழுத்தின் விளிம்பு மழுங்கவில்லை. விரலை வைத்தால் பள்ளம் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் பலகையாகிவிடும். ஆகவே இங்கே போவதென்றால் காலை 10 மணிக்கு முன்பே.

வெளியே வந்து கடலைப் பார்த்தால், 1782 பிப்ரவரி 17 அன்று ஆங்கிலேயர் பக்கம் எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சு பக்கம் சுஃப்ரெனும் கப்பல்களோடு மோதிக்கொண்டது இந்தக் கடலில்தான் என்பதை யாராவது எடுத்துவிடலாம். கூட்டத்தில் ஒருத்தர் இப்படி இருந்தால் நல்லது, இரண்டு பேர் இருந்தால் தாங்காது. அன்றைக்கு யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. 1824-ல் போட்ட ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் இந்தியாவில் தங்களிடம் இருந்த இடங்களையெல்லாம் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்துப் போனார்கள், இதுவும் அதில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே அணுமின் நிலையம். ட்ரோன் எடுத்துக்கொண்டு போகும் நண்பன் இருந்தால் அதை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

ஆலம்பரை நேர்மாறு. அங்கே படிக்க எழுத்து ஒன்றும் இல்லை, பார்க்கக் கண் போதும். கழிமுகத்தின் கரையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பாதிச் சுவர்கள், சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரங்கள், அந்தப் பக்கம் அமைதியான உப்பங்கழி, அதற்கும் அப்பால் ஒரு மணல் திட்டு, பிறகு கடல். நவாபுகள் காலத்துத் துறைமுகக் கோட்டை இது, நாணயச் சாலையும் இருந்தது. 1750-ல் ஹைதராபாத் நிஜாம் பட்டத்துக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் இதைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார், 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். மிச்சத்தை 2004 சுனாமி பதம் பார்த்தது.

படம் பிடிக்க இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை என்று சொல்லுவேன். ஆனால் இங்கே கழிப்பறை, கடை, நிழற்குடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர், தீனி எல்லாம் கையோடு. பெண் தோழிகளும் வருகிற கூட்டம் என்றால் ஈசிஆரிலேயே ஒரு நல்ல ஓட்டலில் நிறுத்திவிட்டு அப்புறம் உள்ளே திரும்புங்கள்.

மீனவர்கள் படகில் ஏற்றிக்கொண்டு மணல் திட்டு வரை போய் வருவதுண்டு. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்த 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். பத்துப் பேரை ஒரே படகில் அடைக்கப் பார்த்தாலும் ஏறாதீர்கள். "ஒண்ணும் ஆகாது மச்சி" என்பவனைக் கரையில் பைகளுக்குக் காவல் வையுங்கள்.

சரி, இரண்டு கோட்டையும் சேர்த்து எவ்வளவு நேரம்? காலை 6 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டும் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒன்று மாமல்லபுரம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் புதுச்சேரிக்குப் போக வேண்டும். எங்கே போனாலும் பயணம் வேறு பயணமாக மாறிவிடும். புதுச்சேரிக்குப் போன கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இந்த வழியின் குறை அதுதான். கோட்டைகள் இரண்டும் நல்லவை, ஆனால் இரண்டுமே வழியில் இருக்கிற இடங்கள். ஒரே நாள் கையில் இருந்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. இரண்டு நாள் இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

தரங்கம்பாடி

சென்னையிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். காரில் போனால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று ஒவ்வொரு ஊர் நெரிசலுக்கும் கப்பம் கட்டிக்கொண்டு போக வேண்டும். காலையில் கிளம்பினால் மதியம் ஆகிவிடும். அதனால் ரயிலே மேல். வெள்ளி இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் முன் மயிலாடுதுறை. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு காபி, முதல் பஸ்ஸில் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டர், தரங்கம்பாடி. கோட்டை திறப்பதற்கு வெகு முன்பே கடற்கரையில் நிற்கலாம்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழும், கடலில் விழாது. ஆனால் தொல்லியல் துறைக் கோட்டைகள் விடிந்து வெகு நேரம் கழித்துத் திறந்து மாலையிலேயே மூடிவிடும். ஆக, கோட்டை மேல் நின்று சூரியோதயம் என்பது படத்தில் மட்டும்தான். தரங்கம்பாடியில் இந்தச் சிக்கல் இல்லை. கோட்டையும் கடற்கரையும் ஒட்டி இருப்பதால், மணலில் உட்கார்ந்து மஞ்சள் சுவரின் மேல் முதல் வெளிச்சம் ஏறுவதைப் பார்க்கலாம். அதற்கு டிக்கெட்டும் இல்லை.

கோட்டையின் பெயர் டான்ஸ்போர்க். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் கட்டியது. அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கி வந்த ஓவே கெட்டேவுக்கு அப்போது வயது 25. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியும் குழுத் தலைவர் ஆகாத நண்பர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உள்ளே நுழைந்தால் நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் மதிலை ஒட்டிய அறைகள், கடலைப் பார்த்த பக்கம் மாடியோடு பிரதானக் கட்டடம். மேல்தளத்தில் ஆளுநர் தங்கினார், இன்று அங்கேதான் அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் கிடங்குகள், சிறை. பலர் மேலே மட்டும் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கீழேயும் போங்கள். வெயிலிலிருந்து அந்த வளைகூரை அறைக்குள் கால் வைத்ததும் முதுகில் வியர்வை சட்டென்று குளிரும். கண் பழகச் சில நொடிகள் ஆகும். பழகியதும் தலைக்கு மேலே செங்கல் வளைவு தெரியும், தடித்த சுவரில் குடைந்த சின்ன ஜன்னல் தெரியும், பேச்சு நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அலை கேட்கும். 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய சீகன்பால்குவை, கோட்டைத் தளபதி பிடித்து நாலு மாதம் இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்தார். டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியாரையே டென்மார்க் கம்பெனி சிறை வைத்தது. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்றால் ராஜாவாவது பாதிரியாவது.

வெளியே வந்ததும் ஊர் தொடங்குகிறது. மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது இந்த ஊர்தான். 1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயில், அதிலிருந்து கோட்டையை நோக்கி நேராக வரும் ராஜ வீதி, அதில் 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-ல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், அதற்குள் 1719-ல் இறந்த அவருடைய கல்லறை. 1712-ல் அச்சு எந்திரம் வந்து, சில வருடங்களுக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் இங்கேதான். பக்கத்துப் பொறையாறில் அதற்கென்று காகித ஆலை வைத்தார்கள். நாம் தினமும் அச்சில் படிக்கும் தமிழுக்கு இந்தத் தெருவோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

கடலோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. டென்மார்க்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே இங்கே துறைமுகமும் வணிகரும் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கோயிலே சாட்சி. கோட்டையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால்தான் ஊரின் கதை பிடிபடும். தேவாலயம் மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டுப் போகும் கூட்டம் நிறைய.

1845-ல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. அதற்கப்புறம் வாணிபம் வேறு துறைமுகங்களுக்குப் போய்விட, இந்த ஊர் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் மதில் வாசலுக்குள் நுழைந்தால் வண்டிச் சத்தம் குறைந்து நடக்கத் தோன்றுகிறது.

சனிக்கிழமை இப்படிப் போய்விடும். ஞாயிறுக்கு என்ன? வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் பூம்புகார், தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் காரைக்கால், அதற்கும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாண ஊருக்கு இருபத்தைந்து வயசுக் கும்பல் போய் நின்றால் ஓதுவார் ஒருமாதிரி பார்ப்பார், ஆனால் கோயில் அருமை. காரைக்கால் பக்கத்தில் இருப்பது சில நண்பர்களுக்கு ஏன் மகிழ்ச்சி என்று நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே என்ன செய்தாலும் அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். பாட்டிலோடு எல்லை தாண்டினால் சோதனைச்சாவடியில் மொத்தக் கூட்டமும் நிற்க வேண்டி வரும்.

குறை இல்லாமல் இல்லை. தங்க இடம் கொஞ்சம்தான். கடலைப் பார்த்த பழைய மாளிகை ஓட்டல் இருக்கிறது, விலை மாணவர்களுக்கு ஆகாது. மலிவான அறைகள் விரல்விட்டு எண்ணலாம். பத்துப் பேர் கூட்டமென்றால் பொறையாறிலோ மயிலாடுதுறையிலோ தங்கி வர வேண்டியிருக்கும், அப்போது அந்த விடியற்காலைக் கடற்கரை கைநழுவும். இரவு 9 மணிக்கு மேல் ஊரே படுத்துவிடும், சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கடலில் குளிக்கவும் இது இடம் இல்லை. கரையைக் காக்கக் கொட்டிய பாறைகளும் அவற்றுக்கிடையே சுழலும் நீரும் ஆபத்து. குளித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பர்கள் அதிகம் என்றால் இந்த வழி அவர்களுக்குச் சலிப்புத் தட்டும்.

குமரிப் பக்கம்

வட்டக்கோட்டையைப் பற்றிப் பேசும்போது மற்ற இரண்டு வழிகளையும் கொஞ்சம் மறந்துவிட வேண்டும், ஏனென்றால் இது வேறு ஜாதி. மற்றவை வெளிநாட்டுக் கம்பெனிகளும் நவாபுகளும் செங்கல்லில் கட்டிக் கடலுக்குப் பறிகொடுத்தவை. இது திருவிதாங்கூர் அரசு கருங்கல்லில் கட்டியது, சுவர் முழுதாக நிற்கிறது. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர். சுமார் மூன்றரை ஏக்கர். நடுவில் ஒரு குளம், சில இடங்களில் கல்லில் மீன் சின்னம், பீரங்கியை உருட்டிக்கொண்டு மேலே ஏற்றும் அளவுக்கு அகலமான சாய்தளம். அதில் ஏறி மேலே போனால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தென்னந்தோப்புக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சுகள். காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும். கோட்டை என்றால் இதுதான் என்று தோன்றும் கோட்டை வேண்டுமென்றால், மூன்றில் இதற்குத்தான் முதலிடம்.

இதன் கதையும் மற்றவற்றைவிடச் சுவையானது. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் டச்சுப் படை அதிகாரி டிலெனாய். தோற்றவர் தன்னைத் தோற்கடித்த அரசரிடமே சேவகத்துக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். இந்தக் கோட்டையைப் பலப்படுத்தியவரும் அவர்தான். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது, கல்வெட்டு இலத்தீனிலும் தமிழிலும். சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைகளில் ஒரு எழுத்தும் நமக்குப் புரியாது. இங்கே ஒரு டச்சுப் படை அதிகாரியின் கல்லறையைத் தமிழில் படிக்கலாம்.

உதயகிரிக்கு மிக அருகே பத்மநாபபுரம் அரண்மனை, மேற்கே குளச்சலில் வெற்றித் தூண். சேர்த்துப் பார்த்தால் இரண்டு நாளும் ஒரே கதையாக ஓடும். நேரத்தைத் தாங்கும் விஷயத்தில் தரங்கம்பாடிக்கு இது சளைத்தது இல்லை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே எல்லாம் வண்டி ஏறி இறங்கிப் பார்ப்பது. வட்டக்கோட்டையிலிருந்து உதயகிரி 40 கிலோமீட்டர் அளவில் வரும், இடையில் நாகர்கோவில் நெரிசல். ஒரு டெம்போ டிராவலர் பிடித்துக்கொண்டால்தான் சரிப்படும். தங்கும் இடம், சாப்பாடு, பஸ் எதற்கும் கன்னியாகுமரியில் பஞ்சமில்லை. ஆனால் அது யாத்திரை ஊர், சுற்றுலாப் பஸ்கள் வரிசையாக வந்து இறங்கும் ஊர். நண்பர்கள் சும்மா உட்கார்ந்து பேசும் அமைதியை அங்கே காசு கொடுத்தும் வாங்க முடியாது.

தூரம் இன்னொன்று. சென்னையிலிருந்து 700 கிலோமீட்டர். வெள்ளி மாலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலையில் இறங்கலாம், ஞாயிறு மாலையே திரும்பும் ரயில். திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து நேராக ஆபீஸ். முடியும், ஆனால் மறு வாரம் முழுக்க அதன் விலையைக் கொடுக்க வேண்டும். திருநெல்வேலி, மதுரை, தூத்துக்குடிக் கூட்டங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

எதை எடுப்பது

முழுமையான கோட்டை என்றால் வட்டக்கோட்டை, அழகான இடிபாடு என்றால் ஆலம்பரை, தங்கிப் பார்க்க வேண்டிய ஊர் என்றால் தரங்கம்பாடி. என் ஓட்டு, இரண்டு நாள் இருந்து, கூட்டம் ஆறு பேருக்கு மேல் போகாது என்றால், தரங்கம்பாடிக்கே. நண்பர்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே ஆர்வம் இருக்காது. கோட்டைக்குள் ஒருவன் ஒவ்வொரு பலகையையும் படித்துக்கொண்டிருப்பான், இன்னொருவனுக்குப் பத்து நிமிடத்தில் போதும். ஆலம்பரையில் அந்த இரண்டாமவனுக்குப் போக்கிடம் கிடையாது, காரில் ஏசி போட்டுக்கொண்டு ஹாரன் அடிப்பான். வட்டக்கோட்டையில் எல்லோரும் ஒரே வண்டிக்குக் கட்டுப்பட்டவர்கள். தரங்கம்பாடியில் எல்லாம் நடக்கும் தூரம். அவன் பாட்டுக்கு டீக்கடைக்குப் போவான், கடற்கரைக்குப் போவான், அறைக்குப் போய்த் தூங்குவான், சாயங்காலம் கூடிக்கொள்ளலாம். கூட்டம் சண்டையில்லாமல் திரும்புவதற்கு இதைவிடப் பெரிய வசதி வேறு இல்லை.

தெற்கத்திக்காரர்கள் என்னைக் கேட்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு வட்டக்கோட்டை. பத்துப் பேருக்கு மேல் போகும் கூட்டமும், மெனக்கெட்டு வண்டி பிடிக்கத் தயார் என்றால், அங்கேயே போகலாம், அறைக் கவலை இருக்காது. தஞ்சாவூர், திருச்சிக்காரர்கள் தரங்கம்பாடியை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பதால், மறுநாளுக்கு மனோராவைச் சேர்த்துக்கொள்ளலாம். சேதுபாவாசத்திரம் பக்கம் கடலோரத்தில் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்கு அறுகோணக் கோபுரம் அது. நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாடத் தஞ்சாவூர் ராஜா எதற்குக் கோபுரம் கட்டினார் என்பதை வண்டியில் போகும்போது விவாதித்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் ஓடும்.

எந்த வழியானாலும் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரைக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான். பொங்கல் விடுமுறையை மட்டும் தவிருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையும் புயலும் எப்போது திட்டத்தைக் கலைக்கும் என்று சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் ஆலம்பரைக்குப் போவது தண்டனை. குமரிக்கு ஜூன் வாக்கில் தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும்.

தரங்கம்பாடி என்று முடிவானால், முதல் வேலை அறை. அது உறுதியான பிறகு ரயில் டிக்கெட். மூன்றாவதாகத்தான் வாட்ஸ்அப்பில் யார் யார் வருகிறீர்கள் என்று கேட்பது. வரிசையை மாற்றினால், ஆளாளுக்குத் தேதி சொல்லி முடிப்பதற்குள் சித்திரை வந்துவிடும்.